போறேன் என்று சொல்லாத வீடு

மக்களே, போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் ரிமோட்டுக்காகப் போட்ட சண்டையை வாசலில் வண்டி துடைத்தபடி நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ரிமோட்டுக்குச் சண்டை போடாத பிள்ளைகள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று நினைத்து உள்ளே வரவில்லை. ஆனால் கடைசியில் மூத்தவள் ஒரு வார்த்தையை விட்டாள். "நீ பேசாத ஏட்டி. அம்மய வேண்டாம்னு சொன்னவதான நீ" என்றாள். இளையவள் ரிமோட்டைக் கட்டிலில் வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள். சாயந்திரம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எப்பா, உள்ளதா? நான் அப்பிடியா சொன்னேன்?" என்று கேட்டாள்.

பிறகு சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். வாயால் சொல்லத் தொடங்கினால் மூத்தவள் இடையில் புகுந்து பேசுவாள், அடுக்களையிலிருந்து அம்மா வந்து கண்ணைத் துடைப்பாள், கதை பாதியில் நின்றுபோகும். அதனால்தான் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரையும் 'நீ' என்று எழுதினால் எது யாரென்று குழம்பும். மூத்தவள், இளையவள் என்றே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இளையவள் அப்படிச் சொன்னது உண்மை. ஏன் சொன்னாள் என்பது மூத்தவளுக்கு முழுசாகத் தெரியாது.

அப்போது மூத்தவள் நாலாம் வகுப்பு. இளையவளுக்கு நாலு வயது முடிந்திருந்தது. நான் இப்போது போலவே அப்போதும் தக்கலையிலிருந்து மலையோரத்து ஊர்களுக்கு மினிபஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் அம்மா திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலையில் இரணியல் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் சாயந்திர வண்டியில் திரும்பிவிடுவாள். இந்த ஊரில் பாதிப் பேருக்கு வேலை அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். அதை ஒரு பெரிய விஷயமாக யாரும் நினைத்ததில்லை. நம் வீடு தண்டவாள மேட்டுக்குக் கீழே இருப்பதால் அம்மா போகிற சத்தமும் வருகிற சத்தமும் அடுக்களை வரைக்கும் கேட்கும்.

நம் வீட்டில் யாரும் வெளியே கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்வதில்லை. உங்களுக்கும் அது பழகிப்போயிருக்கும். முக்குக் கடைக்குத் தீப்பெட்டி வாங்கப் போனாலும் 'வாறேன்' என்றுதான் சொல்ல வேண்டும். மொட்டையாகப் 'போறேன்' என்றால் அது திரும்பாத போக்கு. சின்ன வயதில் வாய் தவறிச் சொல்லிவிட்டால் என் வீட்டில் திரும்ப உள்ளே கூப்பிட்டு, தண்ணீர் குடிக்க வைத்து, மறுபடியும் ஒழுங்காகச் சொல்ல வைத்து அனுப்புவார்கள். 'போலாம் போலாம்' என்று கத்துகிற உரிமை என் வண்டிக் கண்டக்டர் ஒருவருக்குத்தான் உண்டு என்று நான் கேலி செய்வதுண்டு.

அம்மாவும் தினமும் காலையில் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு "வாறேன் மக்கா" என்பாள். சாயந்திரம் வந்துவிடுவாள். வருகிறபோது பத்திரிகைக் கடலாசில் பொதிந்த பழம்பொரி இரண்டு கையில் இருக்கும். இளையவளுக்கு 'வாறேன்' என்ற சொல்லுக்கு அந்தப் பழம்பொரிதான் அர்த்தம். இது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

கொரோனா வந்த அந்த மார்ச் மாசம் அம்மா ஒரு நாள் வழக்கம் போலப் போனாள். கையில் சோற்றுப் பாத்திரமும் ஒரு குடையும். சாயந்திரம் போன் வந்தது.

"வண்டி இல்லியாம். ஹாஸ்டல்ல நிக்கச் சொல்லுகாவ."

"நாளைக்கு?"

"தெரியல்ல. மாத்துத் துணிகூட எடுக்கல்ல நான்."

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ரயில் நின்றது, பஸ் நின்றது, களியக்காவிளை எல்லையில் ரோட்டை மறித்தார்கள், ஊடுவழிகளில் மண்ணைக் கொட்டி அடைத்துவிட்டார்கள் என்றார்கள். கல்யாணத்துக்குச் சேலை எடுக்க, கண் காட்ட, சும்மா கடல் பார்க்கக்கூட நாம் போய்வருகிற ஊர், ஒரே வாரத்தில் வெளிநாடு மாதிரி ஆகிவிட்டது. துபாயில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி டிவியில் சொன்னார்கள். பக்கத்து ஊரில் மாட்டிக்கொண்டவளைப் பற்றி யார் சொல்வார்கள்?

கொஞ்ச நாளில் நம் தெருவிலேயே ஒரு வீட்டில் நோய் வந்தது. தெரு முனையில் தகரம் அடித்தார்கள். நாம் இருந்தது கடைசி வீடு. முன்னால் தகரம், பின்னால் ரயில் மேடு. அரிசி, காய்கறி எல்லாம் தகரத்துக்கு மேலே கை நீட்டி வாங்க வேண்டும். வீட்டுக்குள் இரண்டு அறை, ஒரு அடுக்களை, அதற்குள்தான் மூன்று பேரும். பகலில் மேல்தளத்துச் சூடு இறங்கி, மின்விசிறி அதையே சுற்றிச் சுற்றி நம் மேல் போடும். நான் வீட்டுக்குள் நடந்த நடையை ரோட்டில் நடந்திருந்தால் களியக்காவிளைக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன்.

வேலை செய்து பழகிய உடம்பு சும்மா இருக்கும்போது என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொன்னால் சிரிப்பீர்கள். சாப்பிட உட்கார்ந்தால் இடது கால் தானாகக் கிளட்ச் மிதிக்கும். கை கியரைத் தேடும். "எப்பா, ரசத்துக்கு ஹாரன் அடிங்க, வழி விடும்" என்று மூத்தவள் கேலி செய்தாள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபப்பட்டுத் தட்டைத் தள்ளிவிட்டேன். முதலாளியின் ஷெட்டில் என் வண்டி டயர் காற்று இறங்கி நிற்கும், பேட்டரி செத்திருக்கும் என்று நினைத்து நினைத்து, நானும் அதே மாதிரி சுவரில் சாய்ந்து கிடப்பேன். வீடு அம்மாவின் சம்பளத்தில் ஓடியது. எனக்கு எழுந்து செய்ய ஒன்றும் இல்லை. கதவு திறந்துதான் இருக்கும், ஆனால் கதவுக்கு வெளியே போவதற்கு இடம் இல்லை. அது பூட்டிய கதவைவிடக் கஷ்டம்.

சாயந்திரம் நாலு மணிக்கு அம்மாவை வார்டிலிருந்து கொஞ்ச நேரம் வெளியே விடுவார்கள். அப்போதுதான் வீடியோவில் பேச முடியும். பள்ளத்தில் இருக்கிற வீடு என்பதால் கீழே சிக்னல் எடுக்காது. மேலே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் எடுக்கும். "மட்டுப்பாவுக்குப் போவோமா?" என்று இளையவள் மூன்று மணியிலிருந்தே என் லுங்கியைப் பிடித்து இழுப்பாள். மொட்டைமாடியை அவள் அம்மா மாதிரி மட்டுப்பா என்றுதான் சொல்லுவாள்.

முதல் சில நாட்கள் நன்றாகத்தான் போனது. இளையவள் போனுக்கு முத்தம் கொடுத்துக் கொடுத்துத் திரை முழுக்க எச்சில். "எம்மா, பழம்பொரி எடுத்தியா?" என்று கேட்பாள். "எடுக்கேன் மக்கா" என்பாள் அம்மா. நேரம் முடியும்போது, "செரி, வாறேன் மக்கா" என்று வைத்துவிடுவாள்.

இளையவள் நேராகக் கீழே ஓடுவாள். "எப்பா, மூஞ்சி கழுவி விடு." கழுவி விடுவேன். "மஞ்சப் பிராக்கு போடு. பவுடர் போடு." போட்டு விடுவேன். பிள்ளை ஏதோ விளையாடுகிறாள், பொழுது போனால் சரி என்று நினைத்தேன். அவள் கேட்டுப் படியில் போய் உட்கார்ந்துகொள்வாள். அந்த நாட்களில் சரக்கு வண்டி மட்டும் ஓடும். சாயந்திரம் ஒன்று வரும், இரணியலில் நிற்காமல் போய்விடும். அந்தச் சத்தம் கேட்டதும் எழுந்து கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வண்டி போய், சத்தமும் போய், விளக்கு வைக்கிற நேரம் ஆனபிறகு நான் போய்த் தூக்கி வருவேன். பிராக்கைக் கழற்ற விடமாட்டாள். பிடிவாதம் என்று இரண்டு தடவை திட்டினேன்.

பிறகு ஒரு நாள் நாலு மணிக்கு அவளைக் காணோம். தேடினால் கட்டிலுக்கு அடியில் இருக்கிறாள். "வா மக்கா, அம்மா நிக்கா" என்று போனையே கீழே கொண்டு வந்து கட்டிலுக்கு அடியில் நீட்டினேன். படம் உறைந்து உறைந்து வந்தது. இளையவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "எனக்கு அம்ம வேண்டாம்" என்றாள்.

எத்தனையோ நல்ல வார்த்தை அந்த சிக்னலில் அறுந்து அறுந்து போயிருக்கிறது. இது மட்டும் தெளிவாகப் போய்ச் சேர்ந்தது.

அம்மா போனை வைத்துவிட்டாள். அடுத்த நாளும் இளையவள் வரவில்லை, அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ அம்மா என்னிடம் மட்டும் பேசினாள். மூக்கின் மேலும் கன்னத்திலும் மாஸ்க் அழுத்திய தடம் புண்ணாகக் கிடந்தது.

"இஞ்ச பாருங்க, பிள்ளைக்கு என் முகம் மறந்துட்டு."

"மறக்கல்ல பிள்ளே. சின்னதுல்லா, ஏதோ கோவம்."

"அந்த பிளாஸ்டிக் உடுப்பப் போட்டா ஒரு சொட்டு வெள்ளம் குடிக்க முடியாது. ஒண்ணுக்குப் போக முடியாது. அதெல்லாம் நான் தாங்குகேன். இத என்னால தாங்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பாக்கேன், கேட்டியளா. அவ பேசல்லண்ணா எழுதிக் குடுத்துட்டு வந்துருவேன். தண்டவாளத்துல நடந்தாவது வருவேன்."

வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆள் இல்லாமல் தவிக்கிற நேரத்தில் விட்டுவிட்டு வந்தால் மறுபடி வேலைக்கு எடுக்க மாட்டார்கள். என் வண்டி எப்போது ஓடும் என்று யாருக்கும் தெரியாது. வருகிற வழியில் எங்கே பிடித்து எந்தப் பள்ளிக்கூடத்தில் அடைப்பார்களோ. வராதே என்றும் சொல்ல முடியவில்லை. ஒரு தாய்க்காரியிடம் அதை எப்படிச் சொல்வது?

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு வேலை கிடைத்தது என்று சொல்வேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் இளையவளை அம்மாவிடம் பேச வைக்க வேண்டும். நாலு மணி என்பது என் டிரிப். மழை வந்தாலும் ஆள் ஏறாவிட்டாலும் டிரிப்பை விடக் கூடாது, வண்டியை எடுத்தே ஆக வேண்டும். காலையில் எழுந்ததும் போனைச் சார்ஜில் போடுவேன், கரண்டு போவதற்கு முன்னால். இன்றைக்கு அம்மாவுக்கு எதைக் காட்டலாம் என்று யோசித்துக்கொண்டே பல் தேய்ப்பேன். அதுவரை எங்கள் பேச்சு "சாப்ட்டியா", "சாப்ட்டேன்", "நீங்க", "ஆச்சு" என்று நாலு வரியில் முடிந்துவிடும். இப்போது ஒரு நாள் பின்னால் நிற்கிற பலாவில் ஒரு காய் பறித்து, எண்ணெய் தடவி அறுப்பதைக் காட்டினோம். ஒரு நாள் கோழி அடைகாத்துப் பொரித்த குஞ்சுகளைச் சுளகில் வைத்து மேலே தூக்கிக்கொண்டு போனோம். மூத்தவள் சீப்பை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு, "நேயர்களே, இதோ நம்ம எப்பா முதல்முறையாக அவியல் வைக்கிறார், பக்கத்து வீட்டார் ஜாக்கிரதை" என்று செய்தி வாசித்தாள். அம்மா சிரித்தாள். ஆனால் சிரிக்கும்போதே அவள் கண் எங்கள் முதுகுக்குப் பின்னால் தேடும்.

இளையவள் மேலே வரமாட்டாள். ஆனால் மாடிப்படிக்குக் கீழே நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். நான் எட்டிப் பார்த்தால் ஓடிவிடுவாள். இதை அம்மாவிடம் சொன்னேன். "கேக்கட்டும், கேக்கட்டும்" என்று அன்றைக்கு உரக்கப் பேசினாள். நேரம் ஆனதும் எப்போதும் போல, "வாறேன் மக்கா" என்று கீழே கேட்கும்படி கத்தினாள். படியில் இருந்தவள் திடுதிடுவென்று ஓடிக் கட்டிலுக்கடியில் போய்விட்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் அப்போதும் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் தகரத்துக்கு அந்தப் பக்கம் பால்காரர் வந்து ஹாரன் அடித்தார். நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனேன். இளையவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"என்ன அண்ணாச்சி, உள்ள எப்பிடி இருக்கு?" என்றார்.

"மூணு நேரமும் சோறு. வெளிய விடமாட்டாவ. நல்ல மாமியார் வீடுல்லா" என்றேன்.

"அந்த மாஸ்க்க மூக்குக்கு ஏத்தும் ஓய். தாடிக்குக் கொரோனா வராது."

பாலை ஊற்றிவிட்டு, "செரி அண்ணாச்சி, வாறேன்" என்று வண்டியை உதைத்துக் கிளம்பிப் போனார்.

இளையவள் தகர ஓட்டை வழியாக அவர் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "கள்ளம்" என்றாள்.

"என்ன கள்ளம்?"

"அந்த மாமன் கள்ளம் சொல்லுகாரு. வாறேன்னாரு, போறாரு பாரு. அம்மயப் போல."

பாத்திரத்தோடு அப்படியே நின்றேன். "அம்மா என்ன மக்கா கள்ளம் சொன்னா?"

"டெய்லி வாறேன் வாறேன்னு சொல்லுகா. நான் மூஞ்சி கழுவி நிப்பேன். வண்டி வரும். அவ வரமாட்டா."

நான் சொன்னேன், "அது சும்மா சொல்லுகது மக்கா. எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாவ."

"போறவிய போறேன்னுதான சொல்லணும்?"

இது சரியான கேள்விதானே? நீங்களே சொல்லுங்கள். அவள் தன் பக்கத்தில் முடிவு எடுத்துவிட்டாள். "அம்மய போறேன்னு சொல்லச் சொல்லு. அப்பம் பேசுகேன்" என்றாள்.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. வீட்டுக்கு வந்து பாலை அடுப்பில் வைத்தபோது, கொடியில் அந்த மஞ்சள் பிராக் காய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தேன். அத்தனை சாயந்திரமும் அவள் விளையாடவில்லை. அம்மா சொன்னதை அப்படியே நம்பி, முகம் கழுவி, பவுடர் போட்டு, தயாராகி நின்றிருக்கிறாள். நான்தான் என் கையால் பவுடர் போட்டு விட்டேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது.

அன்று நாலு மணிக்கு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தாள், சிரிப்போடு அழுதாள். "என் தங்கத்த, அந்த வெயில்ல நின்னாளா" என்றாள். அப்புறம், "செரி, இனி நான் என்ன செய்யணும்?" என்றாள்.

"போறேன்னு சொல்லு. அவ்வளவுதான்."

அம்மாவின் முகம் மாறிவிட்டது. "நான் சொல்ல மாட்டேன்."

"சின்னப் பிள்ளைக்கு வேண்டித்தானே பிள்ளே."

"உங்களுக்குத் தெரியாது. நேத்து வார்டுல ஒரு சேச்சி, என்னவிடக் கொஞ்சம்தான் மூப்பு இருக்கும், என் கையப் பிடிச்சு 'ஞான் போவுகயா மோளே'ண்ணு சொன்னாவ. ஒண்ணும் இல்ல சேச்சி, சுகமாகும்னேன். நான் ஷிப்ட் முடிச்சு இறங்கதுக்குள்ள போயிட்டாவ. அந்த வார்த்தய காதுல வச்சுட்டு நிக்கேன் நான். நாலு மணிக்குப் பொறவு திரும்பவும் அதே வார்டுக்குத்தான் போணும். போறேன்னு என் பிள்ளட்ட என் வாயால சொல்லிட்டு அதுக்குள்ள போகச் சொல்லுகியளா?"

நானும் அதே வீட்டு வழக்கத்தில் வளர்ந்தவன்தான். அவளைச் சொல்லச் சொன்னதே தப்போ என்று பட்டது. அன்றைக்கு அதோடு வைத்துவிட்டோம்.

சனிக்கிழமை காலை முழுக்க யோசித்தேன். ஒரு வழி தோன்றியது. மதியமே அவளுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். "உன்கூட இருக்க மலையாளத்து சிஸ்டர்மார் போன் வைக்கும்போ 'போட்டே'ன்னுல்லா சொல்லுவாவ. போகட்டுமான்னுதான் அதுக்கு அர்த்தம். நீ அதச் சொல்லு. போறேனும் இல்ல, வாறேனும் இல்ல. செக்போஸ்ட் மாதிரி நடுவுல நிக்கட்டும்." அம்மா ஒரு சிரிக்கிற பொம்மையை அனுப்பினாள்.

நாலு மணிக்குப் போனை ஸ்பீக்கரில் போட்டு, மாடிப்படியின் மேல்படியில் வைத்தேன். இளையவள் கீழே சுவரோடு ஒட்டி நின்றாள். அம்மா முன்னமே பேசி வைத்தபடி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "மக்கா, அம்மா... போட்டே!" என்றாள்.

கீழிருந்து மெல்லிய குரல் வந்தது.

"என்னத்தப் போட்ட?"

மூத்தவள் வாயைப் பொத்திக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். இளையவள் ஒரு படி ஏறினாள். "ஒடஞ்சு போச்சா?"

"இல்ல மக்கா... ஒடயல்ல."

இன்னும் இரண்டு படி. "தட்டா, கிளாசா? அவிய ஏசுவாவளா?"

"ஏசமாட்டாவ மக்கா" என்று சொல்லி முடிப்பதற்குள் அம்மா அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டு இவள் மிச்சப் படிகளைக் கையும் காலுமாக ஏறி வந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். அப்புறம் எங்கள் இருவருக்கும் அங்கே இடமில்லை. கோழிக்குஞ்சில் ஒன்று செத்தது, அக்கா கிள்ளியது, அப்பா வைத்த அவியலைக் காக்கை தின்னாதது, எல்லாம் வந்தது. அம்மா ஆஸ்பத்திரி ஜன்னலைத் திறந்து வெளியே தென்னையைக் காட்டினாள். "நம்ம தெங்கா அது?" என்று இவள் கேட்டாள். "நம்ம தெங்குதான், கொஞ்சம் தள்ளி நிக்கு" என்றாள் அம்மா.

பின்னால் யாரோ அம்மாவைக் கூப்பிட்டார்கள். நேரம் முடிந்துவிட்டது. "செரி மக்கா..." என்று தொடங்கி அப்படியே நிறுத்தினாள். இளையவள் சிரிப்பை விட்டுவிட்டு, திரையில் இருக்கிற முகத்தையே பார்த்தாள்.

"வாறியா?" என்று கேட்டாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன்.

"இல்ல மக்கா. இன்னைக்கு வரமாட்டேன்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் வர முடியாது மக்கா. ரோட்ட அடச்சிருக்கு. தொறந்த ஒடனே வருவேன்."

"அப்பம் இப்பம்?"

அம்மாவின் உதடு இரண்டு தடவை அசைந்தது. மூன்றாவது தடவை சத்தம் வந்தது.

"போறேன் மக்கா."

"செரி, போ" என்றாள் இளையவள். "மாஸ்க்கு போட்டுட்டுப் போ."

போனை என் கையில் கொடுத்துவிட்டுக் கோழிக்குஞ்சைப் பார்க்க இறங்கிப் போய்விட்டாள். அவளுக்கு விஷயம் தீர்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் சரக்கு வண்டி வந்தது. நான் மாடியிலிருந்து கேட்டைப் பார்த்தேன். படியில் யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா எழுதிக் கொடுக்கவில்லை. வழி திறக்கிற வரைக்கும் ஒவ்வொரு நாலு மணிக்கும் இளையவள் பேசினாள், ஒவ்வொரு நாளும் அம்மா போறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வார்டுக்குப் போனாள். நானும் ஒரு டிரிப்பையும் விடவில்லை. மூத்தவளே, நீ தொட்டிக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்ததால் கடைசியில் பேசியது உனக்குக் கேட்டிருக்காது. உன் தங்கச்சி வேண்டாம் என்றது, வருவேன் என்று சொல்லிவிட்டு வராத ஒரு அம்மாவை. உண்மையைச் சொன்னதும் சேர்த்துக்கொண்டாள். இனிமேல் அந்தப் பேச்சை எடுக்காதே. ரிமோட்டுக்கு வேறு எதையாவது சொல்லி அடித்துக்கொள்ளுங்கள்.

மீதி ஒன்று இருக்கிறது. இது உங்கள் அம்மாவுக்கும் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை விளக்கு வைக்கிற நேரம், நீங்கள் இரண்டு பேரும் பின்னால் கோழியைக் கூட்டில் அடைத்துக்கொண்டிருந்தீர்கள். நான் அடுக்களைக் கதவைச் சாத்தினேன். கல்லுப்பு ஒரு பிடியும் வத்தல் மிளகாய் மூன்றும் வலது கையில் எடுத்துக்கொண்டேன். சுற்றிப் போடுவதெல்லாம் அதுவரை நான் செய்ததில்லை, என்ன சொல்லிக்கொண்டு சுற்ற வேண்டும் என்றும் தெரியாது. போனில் அம்மாவின் படத்தை எடுத்து மேடையில் சாய்த்து வைத்துச் சுற்றத் தொடங்கினேன். பாதிச் சுற்றில் திரை அணைந்து படம் போய்விட்டது. மறுபடி எடுத்து, அணையாமல் இருக்க இடது கைப் பெருவிரலால் தொட்டுத் தொட்டுப் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து சுற்றினேன். "ஒண்ணும் வராது, ஒண்ணும் வராது" என்று மட்டும் சொன்னேன். தோசைக்கல்லைக் காய வைத்து அதில் போட்டேன். மிளகாய் கருகி நெடி ஏறியது. நான் இருமினால் எதிர்வீட்டில் கேட்டு, இங்கேயும் நோய் வந்துவிட்டது என்று போன் போடுவார்கள் என்ற பயத்தில், தோள் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு கண்ணில் நீர் வழியக் கீழே குந்தி உட்கார்ந்து இருமினேன். அடங்கியதும் எழுந்து ஜன்னலைத் திறந்தேன். கல்லை ஆற வைத்துத் தேய்த்துக் கழுவி, எடுத்த இடத்திலேயே கவிழ்த்து வைத்தேன்.